மூன்றாம் குளத்துப் பலகை

ஜன்னல் விளிம்பில் ஏழு கண்ணாடி ஜாடிகள். ஏழிலும் கலங்கல் தண்ணீர். முதல் ஜாடியில் இரண்டு விரல் உயரத்துக்குக் கருஞ்சேறு அடியில் படிந்திருந்தது. கடைசி ஜாடியில் மேலிருந்து கீழ்வரை ஒரே காப்பி நிறம். வைத்து மூன்று நாளாகியும் அது தெளிவேனா என்று அடம்பிடித்தது. நான் ஸ்கேலை ஜாடியோடு ஒட்டிப் பிடித்து அளந்துகொண்டிருந்தபோது மரப்படியில் காலடிச் சத்தம் கேட்டது.

ராசாத்திதான். கீழே சுக்குக் கிடங்கில் சுக்கைத் தேய்த்துத் தரம் பிரிக்கும் வேலை அவளுக்கு. தலைமுடியிலிருந்து சேலை விளிம்பு வரை சுக்குத் தூசி படிந்திருக்கும். அவள் பாதிப் படி ஏறும்போதே எனக்குத் தும்மல் வந்துவிடும்.

“அக்கா, அவருகிட்டருந்து கடுதாசி வந்திருக்கு. படிச்சுச் சொல்லுங்க.”

அவள் நீட்டிய இன்லண்ட் கடிதத்தை வாங்கிப் பிரித்தேன். அன்புள்ள ராசாத்திக்கு, நலம், நலமறிய ஆவல். சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தவள் நடுவில் நின்றேன். கண் இரண்டு வரி முன்னால் ஓடிவிட்டது. அங்கே இருந்ததைப் பார்த்துவிட்டேன்.

“என்னக்கா?”

“ஒண்ணுமில்ல. தூசி.” இருமினேன். பிறகு ஒரு பத்தியை அப்படியே தாண்டி, “உடம்பைப் பார்த்துக்கொள்” என்ற இடத்திலிருந்து மறுபடி படித்தேன். ராசாத்திக்கு எழுத்துத் தெரியாது. கடிதத்தை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

நான் தாண்டிப்போன அந்தப் பத்தியைப் பற்றித்தான் இந்த வாரம்.

கொச்சியில் ஏது சுரங்கம்?

கொச்சியில் உட்கார்ந்து நிலக்கரிச் சுரங்கத்துக்குக் குளம் வரைந்து பிழைத்தவள் நான் என்று இரண்டு வாரத்துக்கு முன் போகிறபோக்கில் எழுதியிருந்தேன். ஒரு வாசகர் அதைப் பிடித்துக்கொண்டார். “கொச்சியில் ஏதம்மா நிலக்கரிச் சுரங்கம்? அளந்து விடுகிறீர்களா?” என்று கேட்டு எழுதியிருக்கிறார். நியாயமான கேள்விதான். கொச்சியில் நிலக்கரியும் இல்லை, சுரங்கமும் இல்லை. சுரங்கம் இருந்தது ரயிலில் இரண்டு இரவு, இரண்டு பகல் போக வேண்டிய தூரத்தில். அதன் குளங்கள் மட்டும் இங்கே கொச்சியில், மட்டாஞ்சேரியில் பிறந்தன.

காரணம் குருவிலா சார். வடக்கே சுரங்கங்களில் பல வருடம் இன்ஜினியராக இருந்தவர். முழங்கால் மக்கர் செய்ததும் ஊர் திரும்பி, கொச்சங்காடியில் ஒரு பழைய கிடங்கின் மாடியை வாடகைக்குப் பிடித்து ஆபீஸ் போட்டார். மூன்று மேசை, ஒரு வரைபலகை, கூடவே நான். கீழே சுக்கு. பக்கத்துக் கிடங்கில் அரிசி. தெருவில் லாரி நின்றுவிட்டால் சைக்கிளைக்கூடத் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும். வடக்கே இருந்த பழைய சிநேகிதர்கள் அவருக்கு வேலை அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

எழுபதுகளின் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடம் சரியாக வேண்டுமென்றால் என் தம்பியைத்தான் கேட்க வேண்டும். அவனுக்கு வருடங்கள் மட்டும் நினைவிருக்கும், வேறொன்றும் இருக்காது.

அது மேலிருந்து தோண்டும் திறந்தவெளிச் சுரங்கம். நிலக்கரியை எடுப்பதற்கு முன் அதன் மேலிருக்கும் மண்ணை வாரிப் பக்கத்தில் மலையாகக் கொட்டுவார்கள். மழை பெய்தால் அந்த மண் கரைந்து ஓடும். குழிக்குள் ஊறும் தண்ணீரைத் தினமும் பம்ப்பு வைத்து வெளியே இறைப்பார்கள். அதுவும் கரியும் களிமண்ணும் கலந்த தண்ணீர்தான். இரண்டும் போய்ச் சேர்வது ஒரு ஓடையில். ஓடைக்குக் கீழே ஒரு சின்ன ஊர். குடிப்பது, குளிப்பது, மாடு கழுவுவது எல்லாம் அந்த ஓடையில்தான். அந்த ஊருக்கு வேறு தண்ணீர் கிடையாது.

ஓடைக்கு முன்னால் மூன்று குளம் வெட்டி, அழுக்கைப் படியவைத்து, தெளிந்த தண்ணீரை மட்டும் வெளியே விட வேண்டும். வரைந்து கொடுத்து, வெட்டி, ஒரு வருடம் பராமரித்தும் கொடுப்பதாக சார் ஒப்புக்கொண்டிருந்தார்.

சோம்பேறித் தண்ணீர்

சுரங்கத்திலிருந்து தண்ணீர் பாட்டில்களில் வரும். மரப்பெட்டியில் வைக்கோல் திணித்து ரயிலில் அனுப்புவார்கள். அதை ஜாடிகளில் ஊற்றிக் குலுக்கி வைத்துவிட்டு, எது எப்போது படிகிறது என்று எழுதுவது என் வேலை. மணல் நான் ஒரு சாயா குடிப்பதற்குள் படிந்துவிடும். கரித்தூள் மத்தியானம் வரை இழுக்கும். களிமண் இருக்கிறதே, அது சாமானியத்தில் இறங்காது. அதற்குப் படிகாரம் கரைத்து ஊற்றினால்தான் திரிந்து கீழே வரும்.

காலையில் மாடிப்படி ஏறும்போதே சார் குரல் கொடுப்பார்.

“எந்தா லலிதே, வெள்ளம் தெளிஞ்ஞோ?”

“தெளிஞ்ஞில்ல சார்.”

எங்களுக்கு அதுதான் குட் மார்னிங்.

குளம் என்றால் ஆழமாக வெட்டினால் போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சார்தான் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு துகள் அடியைத் தொடுவதற்குள் தண்ணீர் வாசலைத் தாண்டிவிடக் கூடாது, அவ்வளவுதான் சூட்சுமம். அதற்கு ஆழத்தைவிடப் பரப்பு முக்கியம். தண்ணீர் சோம்பேறி. உள்ளே வந்ததும் குறுக்கே ஓடி நேராக வெளியே போகத்தான் பார்க்கும். அதனால் குளத்துக்குள் குறுக்குக் கரைகள் போட்டு, வளைந்து வளைந்து போக வைத்தோம். அந்த வளைவுகளை வரைந்தது நான். சொல்லிக்கொள்ளத்தான் வேண்டும், நன்றாகவே வரைந்திருந்தேன்.

மூன்றாம் குளம்தான் கடைசி வாசல். அதன் ஓரத்தில் செங்கல் தொட்டி. தொட்டியின் வாயில் இரு பக்கமும் பள்ளம் விட்டு, மரப்பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்குவது போலச் செய்திருந்தோம். மேல் பலகை எந்த உயரமோ, குளத்தில் அந்த உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். பம்ப்பு ஓடுவதற்கு முன் மேல் பலகையைப் போட்டுவிட வேண்டும். தண்ணீர் நின்று, படிந்து, தெளியும். தெளிந்த பிறகு பலகையை மெல்ல எடுத்தால் மேலிருக்கும் நல்ல தண்ணீர் மட்டும் ஓடைக்குப் போகும். மறுபடி பம்ப்பு, மறுபடி பலகை. பலகையைப் போடவில்லை என்றால் மூன்று குளமும் வெறும் வாய்க்கால்தான்.

எங்கள் வீட்டுத் தமிழ்

குளம் வெட்டியது சேலம் பக்கத்து மண்வேலைக்காரர்கள். வேலை முடிந்து மற்றவர்கள் ஊருக்குப் போக, மாரிமுத்து என்ற ஒருவரைக் குளக்காவலுக்கு நிறுத்தினார் சார். அவருக்குத் தமிழ் நன்றாக எழுதப் படிக்கத் தெரியும். ஊரில் அவர் குடும்பத்துக்கு ஏரி மதகு பார்க்கும் வேலை. சுரங்கத்தில் குடும்பத்தோடு தங்க இடமில்லை என்பதால், அவர் மனைவிக்குக் கீழே சுக்குக் கிடங்கில் சொல்லி வேலை வாங்கிக் கொடுத்ததும் சார்தான். அப்படித்தான் ராசாத்தி மட்டாஞ்சேரிக்கு வந்தாள். மாரிமுத்து அதுவரை கொச்சியைப் பார்த்ததே இல்லை.

காவலுக்கு விதிகள் எழுதி அனுப்ப வேண்டும். சார் சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதினேன்.

என் தமிழைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. எங்கள் குடும்பம் திருநெல்வேலியிலிருந்து வந்து மூன்று தலைமுறை ஆகிறது. அப்பா அரிசி மண்டியில் குமாஸ்தா. பள்ளியில் நான் படித்தது மலையாளம். தமிழ் எழுத்து, வீட்டுக்கு வரும் வாரப் பத்திரிகைகளை எழுத்துக்கூட்டிக் கூட்டிப் படித்து நானாகக் கற்றது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஆனால் வீட்டில் பேசுவது சாயா, கப்பை, மனசிலாச்சா என்று அரைக்கு அரை. எது தமிழ், எது மலையாளம் என்று வேலி போட்டு யாரும் பேசுவதில்லை.

நான் எழுதிய தாள் இது:

“வெள்ளம் வருமுன் மூன்றாம் குளத்துப் பலகையைப் போடவும். வெள்ளம் தெளிந்த பின் பலகையை மெல்ல எடுக்கவும். அளவுகோலில் சிவப்புக் கோடு வரை சேறு ஏறினால் உடனே தெரிவிக்கவும். கரையில் செடி முளைத்தால் பிடுங்கவும். இதில் கண்டபடி அல்லாமல் சொந்த இஷ்டத்துக்கு எதுவும் செய்யக் கூடாது.”

கீழே “பெற்றுக்கொண்டவர்” என்று ஒரு கோடு. மாரிமுத்து அதில் முத்து முத்தாகக் கையெழுத்துப் போட்டு ஒரு நகலைத் திருப்பி அனுப்பியிருந்தார். அதைக் கோப்பில் வைத்தேன். சுரங்கத்தில் அவரைத் தவிர வேறு யாருக்கும் தமிழ் தெரியாது. ஆபீசில் என்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

அதற்குச் சில நாள் கழித்து ஒரு மத்தியானம், ராசாத்தி தான் வந்த முதல் நாள் கதையைச் சொன்னாள். கிடங்குத் தெருவில் குழாயில் எப்போதாவதுதான் தண்ணீர் வரும். வந்ததும் யாராவது ஒருத்தி, “வெள்ளம் வந்நூ!” என்று கத்துவாள். பெண்களெல்லாம் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்.

“நான் என்னத்தக் கண்டேன்? காயல் பொங்கி ஊருக்குள்ள வருதுன்னு நெனச்சேன்க்கா. துணி மூட்டையைத் தூக்கிக்கிட்டு ஒரே ஓட்டமா இந்த மாடிப்படியில ஏறி உக்காந்துக்கிட்டேன். எல்லாரும் கீழ நின்னு சிரிக்கிறாங்க. ‘ஏறி வாங்கடி, செத்துப் போவீங்க’ன்னு நான் கத்துறேன்!”

கண்ணில் நீர் வரும் வரை சிரித்தேன். வீட்டில் போய்ச் சொன்னேன், மறுநாள் சாரிடமும் சொன்னேன். அவரும் சிரித்தார். மாரிமுத்து கையெழுத்துப் போட்ட தாள் அந்த நேரமெல்லாம் என் மேசை இழுப்பறைக் கோப்பில்தான் இருந்தது. எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

மேசை மேல் குடம்

கோடை தொடங்கியதும் சுரங்கத்துப் பம்ப்புத் தண்ணீரைக் குளங்களுக்குத் திருப்பினார்கள். இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது. மேனேஜரிடமிருந்து தந்தியும், பின்னாலேயே ஒரு நீளக் கடிதமும் வந்தன.

ஓடைக்குக் கீழே இருந்த ஊர்ப் பெண்கள் ஒரு குடம் தண்ணீரைச் சுமந்து வந்து மேனேஜர் மேசை மேல் வைத்துவிட்டார்களாம். இதைக் குடித்துக் காட்டுங்கள் என்றார்களாம். குடத்தில் இருந்தது ஓடைத் தண்ணீர். கறுப்பு. போய்ப் பார்த்தால் மூன்றாம் குளத்தில் பலகையே இல்லை. பம்ப்புத் தண்ணீர் வந்த வேகத்தில் வெளியே போய்க்கொண்டிருக்கிறது. பலகைகள் கரையில் அழகாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. காவலாளி கடமை தவறிவிட்டார், அவரை உடனே மாற்ற வேண்டும், இல்லையென்றால் ஒப்பந்தம் ரத்து. இதுதான் கடிதத்தின் சாரம்.

சார் முழங்காலைத் தடவிக்கொண்டே யோசித்தார்.

“ஆளை மாத்தணும் லலிதே. வேற வழியில்ல. வைப்பின்ல ஒரு ஆளுண்டு, செம்மீன் கெட்டுக்குத் தூம்பு நோக்குன்ன ஆள். அவனெ அயைக்காம்.”

வைப்பின் தீவில் இறால் வளர்க்கும் வயல்களில் மடை பார்ப்பவர் ஒருவரை அனுப்பிவிடலாம் என்கிறார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. மாரிமுத்து மேல் எனக்கு ஆத்திரம்கூட வந்தது. நான் வரைந்த குளமல்லவா? பலகைக்கு இரண்டே இரண்டு விதி, அதைக்கூடப் பார்க்கத் தெரியாத மனிதருக்குக் கையெழுத்து மட்டும் என்ன முத்து முத்தாக வேண்டிக் கிடக்கிறது என்று மனதுக்குள் திட்டினேன்.

அதற்கு இரண்டாம் நாள்தான் ராசாத்தி அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு மாடியேறி வந்தாள். நான் தாண்டிய பத்தி இது:

“என்னை வேலையை விட்டு அனுப்பப் போவதாகச் சொல்கிறார்கள். என் மேல் தப்பு இல்லை. வெள்ளம் வருமுன் பலகை போடவும் என்று தாளில் இருக்கிறது. இங்கே மழையும் இல்லை, வெள்ளமும் இல்லை. அதனால் பலகை போடவில்லை. நம் ஊர் ஏரியில் வெள்ளம் வந்தால் பலகையை எடுப்போம், இங்கே போடச் சொல்லியிருக்கிறது. படித்தவர்கள் கணக்கு வேறாக இருக்கும் என்று இருந்துவிட்டேன். பம்ப்புத் தண்ணீர் கலங்கலாகப் போவதைப் பார்க்க எனக்கே மனசு கேட்கவில்லை. ஆனால் சொந்த இஷ்டத்துக்கு எதுவும் செய்யக் கூடாது என்றும் அதே தாளில் இருக்கிறது. இதை ஆபீசில் சொல்லு.”

இதை ஆபீசில் சொல்லு. ஆபீஸ்தான் அந்தக் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தது. ஆபீஸ்தான் இருமியது.

வெள்ளம் வந்நூ

அன்று ஏன் மறைத்தேன் என்று கேட்டால், பயம்தான். சுரங்கத்தில் புதிதாகக் கேட்டிருந்த நாலாம் குளத்தை முழுக்க நானே வரையலாம் என்று சார் சொல்லியிருந்தார். வரைபடத்தின் மூலையில் “வடிவமைத்தவர்” என்ற கட்டத்தில் அதுவரை சாருடைய கையெழுத்துத்தான் இருக்கும். இந்தத் தடவை என் பெயர் வரும். அந்தக் கட்டத்தை நான் முன்கூட்டியே கோடு போட்டுக்கூட வைத்திருந்தேன். ஒரு வார்த்தைக்காக அதை விட மனம் வரவில்லை. தவிர, மாரிமுத்துவுக்கு வேறு எங்காவது மண்வேலை கிடைத்துவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். யாரோ ஒருவருக்கு வேலை போகும்போது மற்றவர்களுக்கு எளிதாக வருகிற சமாதானம் அது.

மூன்று நாள் அப்படிப் போயிற்று. ஜாடியை அளப்பேன், எழுதுவேன், வீட்டுக்குப் போவேன். சார் காலையில் “வெள்ளம் தெளிஞ்ஞோ?” என்று கேட்டபோதெல்லாம் ஜாடியைப் பார்த்தபடியே பதில் சொன்னேன்.

நாலாம் நாள் காலை கீழே தெருவில், “வெள்ளம் வந்நூ!” என்று ஒருத்தி கத்தினாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பெண்கள் குடத்தோடு ஓடினார்கள். எல்லாருக்கும் முன்னால் ராசாத்தி. ஓடிக்கொண்டே தலையைத் திருப்பி அவளும், “வெள்ளம் வந்நூ!” என்று கத்தினாள். அவள் கற்றுக்கொண்டுவிட்டாள். அவள் புருஷனுக்குத்தான் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை.

நேராக சார் மேசைக்குப் போய்த் தாளை வைத்தேன். நடந்ததைச் சொன்னேன்.

ராசாத்தி கதைக்குச் சிரித்தவர்தான், ஆனாலும் அவருக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. “வெள்ளம் எந்நால் வெள்ளமல்லே?” என்றார். தண்ணீருக்கு வெள்ளம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வதாம் என்று அவருக்கு ஆச்சரியம்.

“தமிழ்ல வெள்ளம்னா பிரளயம் சார். ஊரை அடிச்சிட்டுப் போற வெள்ளம்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “எனக்குத் தமிழ் வாசிக்கான் அறியில்லல்லோ. உன்னை நம்பித்தானே அந்தத் தாளை அனுப்பினேன்.” அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும். அப்போதே மேனேஜருக்குக் கடிதம் எழுதச் சொன்னார். தவறு காவலாளியுடையது அல்ல, எங்கள் அலுவலகத்தில் நேர்ந்த மொழிப் பிழை, அவரையே வேலையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று.

பிறகு கீழே போனேன். ராசாத்தி சுக்கைச் சாக்கில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கடிதத்தைக் கேட்டு வாங்கி, அவள் முன்னால் உட்கார்ந்து, விட்டுப்போன பத்தியைச் சத்தமாகப் படித்தேன். சுற்றியிருந்த பெண்களின் கை நின்றது.

“அன்னைக்கே இது இதுல இருந்துச்சா?” என்றாள் ராசாத்தி.

“இருந்துச்சு.”

“நீங்க படிக்கல.”

“படிக்கல.”

“எனக்குப் படிக்கத் தெரியாதுன்னுதான?”

அவள் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்து, மறுபடி சாக்கைப் பிடித்துக்கொண்டாள். “அந்தத் தாளை எழுதுனது தப்புதான், அது கெடக்கட்டும்க்கா. படிக்காம உட்டீங்க பாருங்க, அதுதான்…” என்று சொல்லிப் பாதியில் நிறுத்தினாள். அவள் சொல்லாமல் விட்ட மீதியை இத்தனை வருடத்தில் எத்தனையோ விதமாக நானே முடித்துப் பார்த்திருக்கிறேன்.

பெயர் எங்கே?

எங்கள் கடிதம் போய்ச் சேருமுன் மாரிமுத்துவை அனுப்பிவிட்டார்கள். ஒரு வாரம் கழித்து அவர் மட்டாஞ்சேரிக்கு வந்து நின்றார். ஒல்லியான உயரமான மனிதர், கையில் ஒரு துணிப்பை. ராசாத்தி அவரைக் கூட்டிக்கொண்டு மாடிக்கு வந்தாள்.

“இரிங்க,” என்றேன். உட்காரவில்லை.

“தண்ணி குடிக்கிறீங்களா?” ஒவ்வொரு எழுத்தையும் பார்த்துப் பார்த்துத்தான் சொன்னேன்.

“வேணாம்மா.”

நடந்ததையெல்லாம் நானே அவரிடம் சொன்னேன். கடிதத்தை மறைத்ததையும், சார் தினமும் கேட்கும் ‘வெள்ளம் தெளிஞ்ஞோ?’வையும் சேர்த்துத்தான். கேட்டுவிட்டு ஜன்னலருகே போய் ஜாடிகளைப் பார்த்தார்.

“அந்தப் பொம்பளைங்க குடத்தோட மொதல்ல என்கிட்டத்தாம்மா வந்தாங்க,” என்றார். “அவங்க பேச்சு எனக்குப் புரியல. ஆனா குடத்துக்குள்ள இருந்தது புரிஞ்சிது. பலகை பக்கத்துலயே கெடக்கு. எடுத்துப் போட எவ்வளவு நேரமாகும்? போடல. தாள்ல கையெழுத்துப் போட்டிருக்கேன்ல.”

அதற்குள் மேனேஜரின் பதில் வந்திருந்தது. அவரைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சம்மதம், ஆனால் விதிகளைத் திருத்தி எழுதி அனுப்ப வேண்டும் என்று. சார் அதைப் படித்துக் காட்டி, “போவுமோ மாரிமுத்து?” என்று கேட்டார்.

“போறேன் சார். அந்த ஊருக்காரங்க முன்னாடி ஒரு தடவையாச்சும் பலகையைப் போட்டுட்டு நிக்கணும். தாளை மட்டும் என் முன்னால எழுதச் சொல்லுங்க.”

எழுதினேன். “நீர் வருமுன்” என்று ஆரம்பித்ததும் விரலை வைத்துத் தடுத்தார். “தண்ணின்னே எழுதுங்க. பம்ப்புத் தண்ணின்னு எழுதுங்க.” எழுதினேன். ஒவ்வொரு வரியையும் அவர் திருப்பிப் படித்துத் தனக்கு என்ன விளங்கியது என்று சொன்னார். அது சரிதான் என்று நான் சொன்ன பிறகுதான் அடுத்த வரி. கடைசி விதியில் பேனாவை வாங்கிக்கொண்டு அவரே சேர்த்தார்: “சந்தேகம் வந்தால் பலகையைப் போட்டுவிட்டுக் கேட்கவும்.” சார் அதைத் தமிழ் படிக்கத் தெரியாமலேயே தலையாட்டி ஒப்புக்கொண்டார்.

கீழே “பெற்றுக்கொண்டவர்” என்று கோடு போட்டு நகர்த்தினேன். அவர் கையெழுத்துப் போடவில்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வாங்கிக்கிட்டவன் பேரு இங்க. சரி. எழுதுனவங்க பேரு எங்கம்மா?”

பழைய தாளிலும் அது இல்லை. அப்படி ஒரு கோடு வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றியதே இல்லை. ஸ்கேலை எடுத்து அவருடைய கோட்டுக்கு மேலே இன்னொரு கோடு போட்டு, “எழுதியவர்” என்று போட்டு, என் முழுப் பெயரையும் எழுதினேன். ஆபீஸில் என் பெயர் ஏறிய முதல் காகிதம் அதுதான். நாலாம் குளத்தை சாரே வரைந்தார். கட்டத்தில் அவர் கையெழுத்துத்தான் வந்தது.

என் கையெழுத்து காய்ந்த பிறகு மாரிமுத்து கீழே தன்னுடையதைப் போட்டார். அப்போதும் தண்ணீர் குடிக்கவில்லை. அன்று மாலையே ரயிலேறினார்.

பாட்டில்

மழைக்காலம் முழுக்க ராசாத்தி கடிதங்களோடு வந்துகொண்டுதான் இருந்தாள். கொச்சங்காடியில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்களைத் தேடிப் பார்த்திருப்பாள். பையன்கள், பெண்கள் எல்லாரும் மலையாளம்தான் படிப்பார்கள். வேறு ஆள் கிடைக்காமல்தான் என்னிடம் வந்தாள். ஒவ்வொரு கடிதமும் முடிந்ததும் ஒரு கேள்வி கேட்பாள்.

“முழுசாப் படிச்சீங்களா?”

“முழுசாப் படிச்சேன்.”

என் முகத்தைக் கொஞ்சம் பார்த்துவிட்டுப் போவாள். கோபமாகக் கேட்கமாட்டாள், ஆனால் ஒரு தடவையும் கேட்காமல் விடமாட்டாள்.

மழை ஓய்ந்து வெயில் வந்தபோது சுரங்கத்திலிருந்து மரப்பெட்டி வந்தது. வைக்கோலை விலக்கி ஒவ்வொரு பாட்டிலாக எடுத்தேன். முதல் குளம், பழுப்பு. இரண்டாம் குளம், வெளிறிய பழுப்பு. மூன்றாம் குளத்துப் பாட்டிலை ஜன்னலுக்கு நேராகப் பிடித்தேன். அதன் வழியாக எதிர்க் கிடங்கின் ஓடுகளை எண்ண முடிந்தது.

பாட்டிலில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. வழக்கமாகக் குளத்தின் எண்ணும் தேதியும்தான் இருக்கும். இதில் அதற்குக் கீழே முத்து முத்தான எழுத்தில் இன்னும் இரண்டு வார்த்தை இருந்தது. கீழே ஓடிப்போய் ராசாத்தியைக் கூட்டி வந்தேன். அவள் சுக்குத் தூசியோடு வந்து நின்றாள். எனக்கு வழக்கமான தும்மல் வந்தது. தும்மி முடித்துவிட்டுப் படித்தேன்.

“‘வெள்ளம் தெளிஞ்ஞு.’”

ராசாத்தி பாட்டிலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அப்படியா எழுதியிருக்காரு? மலையாளத்துலயா?”

“தமிழ் எழுத்துல, மலையாளத்துல.”

“அவ்வளவுதானா? முழுசாப் படிச்சீங்களா?”

“முழுசாத்தான் படிச்சேன்,” என்றேன். அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு பாட்டிலை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு அவளே அதை ஜன்னல் விளிம்பில், ஜாடிகளின் வரிசையில் கடைசியாக வைத்தாள்.